திங்கட்கிழமை நாற்றம்: கூலன்ட் தொட்டியைக் கெடாமல் வைத்திருக்கும் வழி

திங்கட்கிழமை காலை முதல் ஷிப்ட். ஷட்டரைத் தூக்கி, மெயினைப் போட்டு, கணினி கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி இயந்திரத்தில், உலோகம் வெட்டும் இடத்தைக் குளிர்விக்க ஊற்றும் திரவமான கூலன்ட்டின் பம்பை ஓட விட்டதும் கூமுட்டை நாற்றம் முகத்தில் அடிக்கும். கோவையில் கணபதியிலோ பீளமேட்டிலோ குறிச்சி சிட்கோவிலோ ஒரு வருடம் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. "கூலன்ட் பழசாயிடுச்சுங்க, மாத்திடலாம்" என்பார் இயந்திரத்தை வேலைக்குத் தயார் செய்யும் செட்டர். "ஏதாவது மருந்து ஊத்திப் பாருப்பா" என்பார் முதலாளி. புதிதாகச் சேர்ந்த பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு வெட்ட வேண்டிய முதல் உலோகத் துண்டை, அதாவது ஜாபை, மாட்டுவான்.

அந்தப் பையனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தொட்டியைப் பார்க்கும் பொறுப்பு பெரும்பாலும் அவன் தலையில்தான் விழுகிறது. ஆனால் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

தொட்டிக்குள் நடப்பது என்ன

தண்ணீரில் கலக்கும் கூலன்ட்டில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். மீதி எண்ணெய், அதைப் பால்போல் கலந்து நிற்க வைக்கும் சோப்பு வகைப் பொருட்கள், துருவைத் தடுக்கும் அமின்கள், கொஞ்சம் கிருமிக்கொல்லி. கேனில் அடர்த்தியாக இருக்கும்வரை அதில் பாக்டீரியா வளர வழியில்லை. தண்ணீர் சேர்ந்த பிறகு கதை மாறிவிடும். தண்ணீரோடும், தூசியோடும், நம் கையோடும், வார்ப்பின் மேல் ஒட்டிய மண்ணோடும் கிருமிகள் உள்ளே வருகின்றன. எண்ணெயும் சோப்பும் அவற்றுக்குச் சோறு. ஷெட்டுக்குள் 30, 35 டிகிரி சூடு. இதைவிட வசதியான இடம் அவற்றுக்குக் கிடைக்காது.

முதலில் பெருகுபவை சூடோமோனாஸ் போன்ற, காற்று தேவைப்படும் வகைகள். இவை எண்ணெயையும் சோப்பையும் தின்று அமிலத்தை வெளியே விடும், திரவத்தின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் இறங்கும். கூடவே தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது காற்று கலந்துகொண்டே இருப்பதால் இந்தக் குறை தெரியாது. சனிக்கிழமை இரவு பம்பு நின்றதும், இயந்திரத்தில் பாகங்கள் வழுக்கிச் செல்லும் ஸ்லைடுகளிலிருந்து வழிந்த எண்ணெய் மேலே மிதந்து மூடிபோல் படியும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். இப்போது டீசல்ஃபோவிப்ரியோ போன்ற, காற்று இல்லாமல் வாழும் வகைகளின் முறை. தண்ணீரில் உள்ள சல்பேட்டை இவை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றுகின்றன. கூமுட்டை நாற்றம் அதுதான். திங்கட்கிழமை நீங்கள் பம்பைப் போடும்போது, ஒன்றரை நாளாக அடியில் சேர்ந்த வாயுவைக் கலக்கி வெளியே விடுகிறீர்கள்.

ஆக, கூலன்ட் கெடுவதற்கு மூன்று காரணங்கள்: தீனி, தேக்கம், மேலே எண்ணெய் மூடி. இந்த மூன்றையும் குறைக்கும் வேலைகள்தான் கீழே வருகின்றன. மருந்து ஊற்றுவது அவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

சிறுவாணித் தண்ணீர் கிடைக்கிற இடத்தில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள், அது மென்னீர். பெரும்பாலான பட்டறைகளில் போர் தண்ணீர்தான். அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் கூலன்ட்டின் சோப்போடு சேர்ந்து திப்பித் திப்பியாகப் படியும், எண்ணெய் பிரியும். குளோரைடு துரு பிடிக்க வைக்கும். சல்பேட் அந்தக் கூமுட்டைக் கூட்டத்துக்கு நேரடித் தீனி. இன்னொன்று, தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே தங்கும். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். வாராவாரம் போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் தொட்டியிலும் அதேபோல் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

கடினத்தன்மை 100 பிபிஎம் அளவில் இருந்தால் நல்லது. 200-ஐத் தாண்டினால் ஆர்ஓ தண்ணீரோ உப்பு நீக்கிய டிஎம் தண்ணீரோ கலந்து பயன்படுத்துங்கள். குடிக்க ஆர்ஓ வைத்திருக்கும் பட்டறைகள் பல உண்டு. அதிலிருந்தே ஒரு குழாய் இழுத்துக்கொள்ளலாம். தண்ணீர் சேமிக்கும் டிரம்மையும் கழுவுங்கள். டிரம்மில் பாசி இருந்தால் கிருமியை நாமே கொண்டுபோய் ஊற்றுகிறோம் என்று அர்த்தம்.

கலக்கும்போது தண்ணீர் முதலில், எண்ணெய் (கேனில் உள்ள அடர்த்தியான கூலன்ட்டைப் பட்டறையில் இப்படித்தான் சொல்வோம்) பிறகு. வாளியில் தண்ணீரை எடுத்துக்கொண்டு, கலக்கிக்கொண்டே கூலன்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். தலைகீழாகச் செய்தால் கெட்டித் தயிர் மாதிரி திரண்டு நிற்கும், அப்புறம் எவ்வளவு கலக்கினாலும் கரையாது. தொட்டிக்குள் நேராக எண்ணெயை ஊற்றுவதும் தவறு, வெறும் தண்ணீரை ஊற்றுவதும் தவறு. தொட்டியில் மட்டம் குறைந்தால், வாளியில் நீர்க்கக் கலந்து ஊற்றுங்கள்.

எத்தனை சதவீதம் என்பது கேனில் எழுதியிருக்கும். பொதுவான டர்னிங், மில்லிங் வேலைக்கு 5 முதல் 10-க்குள் இருக்கும். இந்த எண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். எண்ணெய் மிச்சம் பிடிக்கிறேன் என்று 3 சதவீதத்தில் ஓட்டினால், கூலன்ட்டோடு வரும் கிருமிக்கொல்லியும் நீர்த்துப்போய்விடும். தீனி இருக்கும், காவல் இருக்காது. நான் பார்த்த நாறும் தொட்டிகளில் பாதிக்கு மேல் இப்படி நீர்த்துப்போனவைதான்.

ரிஃப்ராக்டோமீட்டரும் பிஎச் தாளும்

டார்ச் லைட் நீளத்தில் ஒரு கருவி, ரிஃப்ராக்டோமீட்டர். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மூடியை மூடி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் உள்ளே நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு தெரியும். அந்தக் கோடு நிற்கும் எண்தான் பிரிக்ஸ். பல பேர் அதையே சதவீதம் என்று எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொரு கூலன்ட்டுக்கும் ஒரு பெருக்கும் எண் உண்டு. கம்பெனியின் தரவுத்தாளில் இருக்கும். அது 1.5 என்றால், கருவி 4 காட்டும்போது உண்மையான அளவு 6 சதவீதம். பார்ப்பதற்கு முன் வெறும் தண்ணீரை விட்டுக் கோடு பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று சரிபாருங்கள். கோடு கலங்கலாக, இடம் தெரியாமல் பரவி நின்றால், வேறு எண்ணெய் நிறையக் கலந்துவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள்.

கணக்கு ஒன்று: 200 லிட்டர் தொட்டி, 4 சதவீதத்தில் இருக்கிறது, 7 வேண்டும். குறைவது 3 சதவீதம், அதாவது 6 லிட்டர் எண்ணெய். தொட்டி நிறைந்திருந்தால் முதலில் கொஞ்சம் வெளியே எடுத்து இடம் பண்ணிக்கொண்டு, வாளி வாளியாகக் கலந்து ஊற்றுங்கள்.

பிஎச் பொதுவாக 8.5-லிருந்து 9.5-க்குள் இருக்க வேண்டும். கலந்த அன்று எவ்வளவு இருந்தது என்று குறித்து வையுங்கள். ஒரு எண்ணை மட்டும் பார்ப்பதைவிட அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதுதான் பயன். அடர்த்தி சரியாக இருந்தும் பிஎச் 9.2, 9.0, 8.7 என்று வாராவாரம் இறங்கினால், நாற்றம் வருவதற்கு முன்பே பாக்டீரியா பெருகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். 8.5-க்குக் கீழே போனால் இயந்திரத்திலும் ஜாபிலும் துரு தலைகாட்டும்.

இன்னும் தெளிவாகப் பார்க்க டிப் ஸ்லைடு இருக்கிறது. ஒரு குப்பிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பட்டையின் இரண்டு பக்கமும் கிருமி வளரும் ஜெல்லி பூசியிருக்கும். கூலன்ட்டில் சில விநாடி முக்கி, வழியவிட்டு, மூடி, 30 டிகிரியில் 48 மணி நேரம் வைக்க வேண்டும். நம் ஊரில் அதற்கு இன்குபேட்டர் தேவைப்படாத மாதங்களே அதிகம். ஆபீஸ் அலமாரி போதும், கம்ப்ரஸர் மேல் மட்டும் வைக்காதீர்கள். பிறகு படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை வகுத்த அளவுகோல் எளிமையானது: பாக்டீரியா எண்ணிக்கை ஒரு மில்லியில் ஆயிரத்துக்குக் கீழே இருந்தால் நல்ல கட்டுப்பாடு, 10 லட்சத்தைத் தொட்டால் உடனே நடவடிக்கை. இடையில் இருந்தால், கவனமாகப் பார்த்துச் சரிசெய்ய அவகாசம் இருக்கிறது.

தினசரி வேலை

காலையில் பம்பைப் போடுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இரவு முழுக்க அசையாமல் இருந்ததால் எண்ணெய் மேலே தனியாக மிதக்கும். மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்கும் ஸ்கிம்மரை ஓட்ட வேண்டிய நேரம் அதுதான். பம்பு ஓடத் தொடங்கிவிட்டால் எண்ணெய் மறுபடி கலந்துவிடும். ஸ்கிம்மர் இல்லாத பழைய இயந்திரத்தில் எண்ணெய் உறிஞ்சும் துணியை மேலே விரித்து எடுக்கலாம். தினமும் ஏராளமாக எண்ணெய் மிதக்கிறது என்றால் ஹைட்ராலிக்கில் கசிவு இருக்கிறது, இல்லை ஸ்லைடு எண்ணெயின் அளவு தேவைக்கு மேல் வைக்கப்பட்டிருக்கிறது. அதை மெயின்டனன்ஸ் ஆளிடம் சொல்லுங்கள்.

வெட்டும்போது விழும் உலோகச் சீவலான ஸ்வார்ஃபை ஷிப்டுக்கு ஒரு முறை வாருங்கள். குறிப்பாக வார்ப்பிரும்புத் தூள். பம்பு பாகங்கள் செய்யும் கோவைப் பட்டறைகளில் இது அதிகம். மாவு மாதிரி நுணுக்கமாக அடியில் போய்ப் படிந்து சேறாகும், அந்தச் சேறுக்குள் காற்றே போகாது.

தொட்டி குப்பைக்கூடை இல்லை என்பதை எல்லோருக்கும் சொல்லுங்கள். டீயின் அடிவண்டல், பன் துண்டு, வெற்றிலை எச்சில், பீடி என்று எல்லாவற்றையும் தொட்டியிலிருந்து நான் எடுத்திருக்கிறேன். ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் ஒரு விஎம்சி மில்லிங் இயந்திரத்தின் வடிகட்டியில் பொரியும் எலுமிச்சைத் தோலும் ஊறி உப்பிக் கிடந்தன. பூஜை போடும்போது ஸ்வார்ஃப் ட்ரேயை ஒரு தாளால் மூடிவிட்டால் போதும்.

உறை மோர்

இந்தப் பகுதியை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெரும்பாலான பட்டறைகள் பணத்தை இழப்பது இங்கேதான்.

ஆரம்ப காலத்தில் ஒரு பட்டறையில், நாற்றம் தாங்காமல் ஒரு சனிக்கிழமை தொட்டியைக் காலி செய்து புதுக் கூலன்ட் நிரப்பினோம். பழையதை வாளியால் மொண்டு ஊற்றினோம், எட்டியவரை துடைத்தோம், 200 லிட்டர் புதிதாக ஊற்றினோம். பால் வெள்ளையாக, சோப்பு வாசத்தோடு அழகாக இருந்தது. இரண்டாவது வாரம் அதே நாற்றம். கூலன்ட் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டோம். அவர் எதுவும் பேசாமல் உலோகச் சீவலை வெளியே தள்ளும் சிப் கன்வேயரை இழுத்து எடுக்கச் சொன்னார். அதன் அடியில் நான்கு விரல் உயரத்துக்குக் கறுப்புச் சேறு. பம்பு ஹோஸின் முனையைக் கழற்றி உள்ளே விரலை விட்டுக் காட்டினார். குளத்துப் படிக்கட்டுப் பாசிபோல வழுவழுப்பாக ஒரு படலம் விரலோடு வந்தது.

வீட்டில் பாலை உறை ஊற்ற எவ்வளவு மோர் விடுகிறோம்? ஒரு கரண்டி. மிச்சம் விட்ட பழைய கூலன்ட்டும் சேறும் பாசியும் அந்த ஒரு கரண்டிதான். அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த கூலன்ட்டை ஊற்றினாலும் உறைந்துவிடும்.

அந்தப் பாசிக்குள் இருக்கும் பாக்டீரியாவை மருந்தும் எளிதில் எட்டாது. தன்னைச் சுற்றிக் கோந்துபோல் ஒரு கூடு கட்டிக்கொண்டு வாழ்கிறது. அதனால் தொட்டியைக் கழுவும் வரிசை இப்படி இருக்க வேண்டும்.

மாற்றுவதற்கு முந்தைய நாள், ஓடிக்கொண்டிருக்கும் பழைய கூலன்ட்டிலேயே இயந்திரம் கழுவும் கிளீனரைச் சேருங்கள். சிஸ்டம் கிளீனர் என்று கேட்டால் கொடுப்பார்கள். அளவு லேபிளில் இருக்கும், பெரும்பாலும் 1, 2 சதவீதம். எட்டு மணி நேரமாவது சுற்ற விடுங்கள். ஒரு நாள் முழுக்கச் சுற்றினால் இன்னும் நல்லது. ஜாப் ஓடிக்கொண்டே இருக்கலாம். கூலன்ட் போகிற எல்லா வழியும் திறந்திருக்கட்டும்: டூல் வழி போவது, மேலிருந்து கொட்டுவது, கையால் பிடித்து அடிக்கும் ஹோஸ், எல்லாம். நாம் கையை விட முடியாத குழாய்க்குள் போய்ப் பாசியைப் பெயர்ப்பது இந்தச் சுற்றுதான். இதைத் தவிர்த்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்தாலும் பலன் அரைகுறைதான்.

அடுத்து முழுவதும் வடியுங்கள். கதவுகளைத் திறந்து வையுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு விஷ வாயு. கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும், அதனால் "பழகிடுச்சு" என்று குனிந்துகொண்டே இருக்கக் கூடாது. கன்வேயரை இழுங்கள், வடிகட்டிகளை எடுங்கள், ஷீட்டின் மடிப்புகளிலும் மூலைகளிலும் சுரண்டுங்கள், சேற்றை அள்ளுங்கள். ஸ்லைடை மூடும் டெலஸ்கோப் கவருக்குப் பின்னால் தேங்கும் இடத்தை மறந்துவிடாதீர்கள். பிறகு 1 சதவீதம் புதுக் கூலன்ட் கலந்த தண்ணீரை ஊற்றி அரை மணி நேரம் சுற்றவிட்டு அதையும் வடியுங்கள். வெறும் தண்ணீரில் அலசினால் அன்றே துரு பிடிக்கும். அலசிய தண்ணீர் கறுப்பாக வந்தால் இன்னொரு முறை. அதன் பின்னர்தான் புதியது.

வருடத்துக்கு ஒரு முறை இப்படிச் செய்வதென்றால், ஆயுத பூஜைக்கு முந்தைய வாரத்தை வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். எப்படியும் இயந்திரத்தைத் துடைத்துச் சந்தனம் வைக்கப்போகிறோம். உள்ளேயும் கழுவிவிடலாம்.

மருந்து எப்போது, எவ்வளவு

தொட்டி சுத்தமாக இருந்து, அடர்த்தி சரியாக இருந்து, அப்படியும் டிப் ஸ்லைடில் எண்ணிக்கை ஏறினால் கிருமிக்கொல்லி சேர்க்கலாம். உங்கள் கூலன்ட்டுக்கு எது ஒத்துப்போகும் என்று அந்தக் கம்பெனியிடமே கேளுங்கள். ட்ரையசின் வகை பாக்டீரியாவைக் கொல்லும், பூஞ்சையை அவ்வளவாகத் தொடாது. பூஞ்சை என்றால் அடையாளம் வேறு: முட்டை நாற்றத்துக்குப் பதில் ஈரத் துணி முடைநாற்றம், தொட்டிச் சுவரில் தோல்போல் படரும் கட்டிகள், அடைத்துக்கொள்ளும் நாசில்கள். அதற்கு சோடியம் பைரிதியோன் போன்ற பூஞ்சைக்கொல்லி வேண்டும். கட்டிகளைக் கையால் எடுத்த பிறகுதான் அதுவும் வேலை செய்யும்.

அளவில் கை நடுங்கக் கூடாது. லேபிளில் 0.15 சதவீதம் என்றிருந்தால் 200 லிட்டருக்கு 300 மில்லி. "பயமா இருக்கு, நூறு மட்டும் ஊத்துறேன்" என்றால் வீக்கானவை செத்து, தாக்குப்பிடிப்பவை மட்டும் பெருகும். அதிகமாக ஊற்றினால் ஆபரேட்டரின் கையில் தோல் வெடிக்கும். கிருமிக்கொல்லிகளில் ஐசோதயசோலினோன் வகைகள் தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனவை. ஒரு முறை ஒவ்வாமை வந்தவருக்கு மறுபடி கொஞ்சம் பட்டாலும் வரும். கையுறையும் கண்ணாடியும் போட்டு, இயந்திரம் ஜாப் ஓட்டாத நேரத்தில், ஷிப்ட் முடிவில் ஊற்றிச் சுற்றவிடுங்கள்.

எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டி நாறும் தொட்டியில் மருந்து ஊற்றிக் காப்பாற்ற நினைக்காதீர்கள். செத்த பாக்டீரியாவின் உடலிலிருந்து எண்டோடாக்சின் என்ற நச்சுப் பொருள் வெளியேறும், கூலன்ட் புகையோடு அதுவும் மூச்சில் போகும். அந்த நிலையில் கழுவி மாற்றுவதுதான் வழி.

பிளீச்சிங் பவுடர், ஃபினாயில், டெட்டால் எதையும் ஊற்றாதீர்கள். பிளீச்சிங் பவுடர் அமின்களோடு சேர்ந்து மூச்சைத் திணறடிக்கும் வாயுக்களை விடும், இரும்பையும் அரிக்கும். ஃபினாயில் நாற்றத்தின் மேல் இன்னொரு நாற்றத்தைப் பூசும், எண்ணெயைப் பிரிக்கவும் செய்யும். துருவுக்கு நல்லது என்று சோடியம் நைட்ரைட் போடுகிறவர்களும் உண்டு. அமினோடு சேர்ந்து புற்றுநோயை உண்டாக்கும் நைட்ரோசமின்கள் உருவாக வழிசெய்யும் பொருள் அது. வேண்டவே வேண்டாம்.

மூச்சும் தோலும்

நாற்றத்தைச் சகித்துக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பிரிட்டனில் பர்மிங்காம் பக்கம் லாங்பிரிட்ஜில் இருந்த கார் இன்ஜின் ஆலையில் 2003, 2004-ல் பல தொழிலாளர்களுக்கு ஆஸ்துமாவும் நுரையீரல் அழற்சியும் வந்தன. கழுவும் திரவத்திலும் கூலன்ட்டிலும் பெருகிய கிருமிகள் புகையாக மூச்சில் போனதோடு அது தொடர்புபடுத்தப்பட்டது. கதவு மூடி கூலன்ட் அடிக்கும் இயந்திரத்தில் ஜாப் முடிந்த நொடியே கதவைத் திறந்து தலையை உள்ளே விடாதீர்கள், புகை அடங்கட்டும். ஜாபை ஏர் கன்னால் ஊதுவதைக் குறையுங்கள். தொட்டியில் கை கழுவாதீர்கள். வார நாட்களில் இருமலும் இளைப்பும், லீவு நாளில் சரியாகிவிடுகிறது என்றால், மருத்துவரிடம் உங்கள் வேலையைப் பற்றியும் சொல்லுங்கள்.

நீண்ட விடுமுறைக்கு முன்

2020 மார்ச் 25 ஊரடங்கின்போது எங்கள் இயந்திரங்கள் அப்படியே நின்றன. மே மாதம் திறந்தபோது ஐந்தில் நான்கு தொட்டிகளில் கூலன்ட் சாம்பல் நிறமாகிப் பிரிந்து கிடந்தது. ஐந்தாவதில் மட்டும் ஒன்றுமில்லை. பம்பு ரிப்பேருக்காக அதை முந்தைய வாரம் காலி செய்து, கழுவிக் காயவிட்டிருந்தோம்.

அதனால் பத்து நாளுக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால், வயதான கூலன்ட்டை வடித்துக் கழுவிக் காயவிடுங்கள். பொங்கல், தீபாவளி போன்ற நான்கைந்து நாள் லீவுக்கு அவ்வளவு வேண்டாம். முந்தைய மாலை எண்ணெயை எடுங்கள், ஸ்வார்ஃபை வாருங்கள், அடர்த்தியை மேல் வரம்புக்கு ஏற்றுங்கள். மீன் தொட்டிக்கு வைக்கும் ஏர் பம்பு ஒன்றை வாங்கி, குமிழி விடும் கல்லைத் தொட்டியின் அடியில் போட்டு ஓட விடுங்கள். காற்று இருக்கும்வரை கூமுட்டைக் கூட்டம் தலையெடுக்காது. மற்ற பாக்டீரியா வளர்வதை அது நிறுத்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். 2012-ல் நாள் பாதி மின்சாரம் இல்லாத காலத்தில், சின்ன இன்வெர்ட்டரில் இந்தக் குமிழிகளை ஓட்டித்தான் சமாளித்தோம்.

வடித்த கூலன்ட்டைச் சாக்கடையில் விட வேண்டாம். எண்ணெய் கலந்த கழிவுநீர் 2016-ன் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வரும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். நொய்யல் ஆறு ஏற்கெனவே எவ்வளவோ சுமந்துவிட்டது. மூடியுள்ள டிரம்மில் ஊற்றி, தேதியும் என்ன திரவம் என்பதும் எழுதி, மழை படாத இடத்தில் வையுங்கள். எண்ணெய் டிரம் வேறு, கூலன்ட் டிரம் வேறு.

லீவு முடிந்து வரும் காலை, முதலில் ஸ்கிம்மர். பிறகு பிஎச் தாள், ரிஃப்ராக்டோமீட்டர். இரண்டு எண்களையும் இயந்திரத்தில் தொங்கும் நோட்டில் எழுதிவிட்டு, அப்புறம் பம்பைப் போடுங்கள்.